“மேலிடத்து உத்தரவு” என்று சொன்னால் என்ன செய்வது? அரசாங்க முடிவுகளை எதிர்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில் எந்த அரசாங்கக் கந்தோரின் விறாந்தையிலும் ஒரு காலைநேரம் உட்கார்ந்து பாருங்கள். “நான் என்ன செய்ய, மேலிடத்து உத்தரவு” என்ற வசனம் ஒருதடவையாவது காதில் விழும். நானும் அதைப் பலதடவை சொல்லியிருக்கிறேன். லிகிதராகச் சேர்ந்து, மேசைக்கு அந்தப் பக்கத்திலேயே தலை நரைத்து, இளைப்பாறியவன் நான். வந்தவரை நோகாமல் அனுப்பிவைக்க அது வசதியான பதில். சட்டப் புத்தகங்களைப் புரட்ட நேரம் கிடைத்த பிறகுதான் விளங்கியது, அந்த வசனத்தைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன் என்று.

சட்டம் ஓர் அதிகாரத்தைக் கொடுக்கும்போது பதவியின் பெயரைச் சொல்லித்தான் கொடுக்கும். ‘பிரதேச செயலாளர் தீர்மானிக்கலாம்’ என்று ஒரு பிரிவு சொன்னால், அவரே கோப்பைப் பார்த்து, தன் புத்தியைப் பாவித்துத் தீர்மானிக்க வேண்டும். மேலே இருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார் என்பதற்காக அவர் கையொப்பம் வைத்தால், முடிவு எடுத்தவர் சட்டம் அதிகாரம் கொடுக்காத வேறொருவர் என்றாகிவிடும். அந்தக் குறை ஒன்றே நீதிமன்றத்தில் முடிவைக் கவிழ்க்கப் போதுமானது. ஆகவே எந்த அரசாங்கக் கடிதத்தைக் கண்டாலும் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: யாருக்கு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இந்த அதிகாரம்? கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் எடுக்கும் வழிகள்.

விளக்கத்துக்கு ஒருவரைக் கூட்டிவருகிறேன். நிலாவெளிப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி. கடற்கரையோரம் ஒரு துண்டுக் காணி. கணவரின் பெயரில் அனுமதிப்பத்திரம், அதாவது நாங்கள் ‘பெர்மிட் காணி’ என்று சொல்வது. கணவர் இறந்துவிட்டார். ஒருநாள் ஒரு கந்தோரிலிருந்து அவளுக்கு வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தது. எந்தக் கந்தோர் என்பது இங்கே வேண்டாம்.

எது சட்டம், எது வெறும் கடதாசி

அரச அமைப்புகள் எப்படி விதி செய்யவேண்டும், முடிவெடுக்கவேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் 1946 முதல் ஒரே சட்டம் உண்டு. அரச அமைப்புகள் விதி செய்ய முன்பு வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது அதன் பொது விதி. இலங்கையில் நம்மிடம் அப்படி ஒற்றைச் சட்டம் இல்லை. அரசியலமைப்பில் கொஞ்சம், ஒவ்வொரு துறையின் சட்டத்திலும் கொஞ்சம், நீதிமன்றத் தீர்ப்புகளில் பெரும்பங்கு என்று சிதறிக் கிடக்கிறது. அதனால் கையில் இருக்கும் கடதாசி எந்தத் தட்டைச் சேர்ந்தது என்று பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

மேல்தட்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். சபாநாயகர் சான்றுப்படுத்திய பிறகு அதை எந்த நீதிமன்றத்திலும் செல்லாது என்று சொல்லவைக்க முடியாது. அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை அந்தக் கதவைப் பூட்டிவிட்டது. அடுத்த தட்டில், அந்தச் சட்டத்தின் கீழ் அமைச்சர் செய்யும் ஒழுங்குவிதிகள். இவை வர்த்தமானியில், அதாவது அரசு தன் அறிவித்தல்களை வெளியிடும் இதழில், வரவேண்டும், பிறகு பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்கு வைக்கப்பட வேண்டும். தாய்ச்சட்டம் கொடுத்த எல்லையைத் தாண்டியிருந்தால் இவற்றை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். அதற்கும் கீழே சுற்றறிக்கை. கந்தோருக்குள் சுற்றறிக்கைதான் வேதம், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சுற்றறிக்கை தன் பலத்தில் உங்கள் உரிமையைப் பறிக்க முடியாது. அதேநேரம் அது உங்களுக்கு ஒரு நன்மையை வாக்களித்திருந்தால், அதை நம்பிய உங்களைத் திடீரென்று கைவிடவும் அதிகாரிக்கு முடியாது. சட்டத்தரணிகள் இதை நியாயமான எதிர்பார்ப்பு என்பார்கள். அடித்தட்டில் உங்களுக்கு வந்த கடிதம், அதாவது முடிவு.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். அதிவிசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரும். 2004/66 போன்ற இலக்கத்தில் முன்பாதி அந்த வாரத்தின் எண், பின்பாதி அந்த வாரத்துக்குள் அதன் வரிசை. இலக்கம் தெரிந்தால் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பிரதியைத் தேடலாம். “வர்த்தமானியில் வந்துவிட்டது” என்று யாராவது சொன்னால் இலக்கத்தைக் கேளுங்கள். சொன்னவருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு.

வர்த்தமானியின் பலத்தைத் திருகோணமலைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மூதூர் கிழக்கு, சம்பூர்ப் பகுதி 2007 மே மாதம் அவசரகால விதியின் கீழ் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது ஒரு வர்த்தமானியால். 2012இல் அதில் 818 ஏக்கர் முதலீட்டு வலயம் ஆனதும் வர்த்தமானியால்தான். 2015 மே மாதம் அந்த 818 ஏக்கரை விடுவித்ததும் இன்னொரு வர்த்தமானி. இடம்பெயர்ந்த சனம் அந்த வருடம்தான் அங்கே திரும்பிப் போய்க் காடு வெட்டத் தொடங்கியது.

படி 1: கடிதம் வந்த அன்றே

கடித உறையை வீசாதீர்கள். கடிதத்தில் இருக்கும் திகதி ஒன்று, தபால் முத்திரையின் திகதி ஒன்று, உங்கள் கைக்கு வந்த திகதி இன்னொன்று. காலக்கெடு எதிலிருந்து ஓடுகிறது என்பது பின்னால் சண்டைக்கு வரும். கைக்கு வந்த திகதியைக் கடிதத்தின் மேலேயே பேனையால் எழுதி, போட்டோ கொப்பி இரண்டு எடுத்து வையுங்கள்.

பிறகு நான்கு விஷயங்களைத் தேடுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? கையொப்பம் யாருடையது? பதவிப் பெயருக்கு முன்னால் ‘இற்காக’ என்று போட்டு, அந்தப் பதவிக்காரருக்குப் பதிலாக வேறு யாராவது கையொப்பம் வைத்திருக்கிறாரா? எந்தத் திகதிக்குள் என்ன செய்யச் சொல்கிறது? காரணம் எழுதியிருக்கிறதா? இதில் ஒன்று இல்லாவிட்டாலும் குறித்துவையுங்கள். இல்லாதது பலவேளை இருப்பதைவிடப் பெறுமதி. நம் தங்கச்சியின் கடிதத்தில் சட்டத்தின் பெயர் இருந்தது, திகதி இருந்தது, காரணம் என்ற இடத்தில் ஒரு வரிகூட இல்லை.

மொழியையும் பாருங்கள். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. சில பிரதேச செயலகப் பிரிவுகளில் சிங்களமும் தமிழும் சேர்ந்து நடக்கும்படி சனாதிபதி பணிக்கலாம். அங்கேயும் தமிழ் விலகாது. கொழும்பில் இருக்கும் தலைமைத் திணைக்களத்துக்கும் நீங்கள் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம். விளங்காத மொழியில் கடிதம் வந்தால், தமிழ்ப் பிரதி கேட்டு அன்றே ஒரு கடிதம் போடுங்கள். சரிவராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். பலருக்குத் தெரியாத ஒன்று: நாட்டின் உச்சியில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்கு மனுப்போட வழிதரும் 126 ஆம் உறுப்புரை அடிப்படை உரிமையை மட்டும் காப்பதில்லை, மொழி உரிமையையும் பெயர் சொல்லிக் காக்கிறது.

எழுதுவது எல்லாம் பதிவுத் தபாலில் போகட்டும், அல்லது கையில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். “ஐயாவைக் கண்டு கதைத்தேன், பார்ப்பம் என்றார்” என்பதற்குக் கோப்பில் இடம் இல்லை. உள்வரும் கடிதம் பதிவேட்டில் ஏறினால்தான் அது வந்த கடிதம். ஐயா மாற்றலாகிப் போனால் அவர் ‘பார்ப்பம்’ என்றதும் அவரோடு போய்விடும்.

படி 2: கோப்பைத் திறக்கவைத்தல்

என் காலத்தில் கோப்பு என்பது கந்தோரின் சொத்து. வெளியாள் எட்டிப் பார்த்தால் மூடிவைப்போம். தகவல் அறியும் உரிமை 2015இல் 14அ உறுப்புரையாக அரசியலமைப்பில் ஏறியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு நிலைமை தலைகீழ். இளைப்பாறியபின் நான் சனத்துக்கு எழுதிக்கொடுக்கும் விண்ணப்பங்களில் பாதிக்குமேல் இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், மாகாணத் திணைக்களம், உள்ளூராட்சி சபை, அரச கூட்டுத்தாபனம் எல்லாவற்றிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்கவேண்டும். விண்ணப்பத்தை அவருக்கு எழுதுங்கள். படிவம் இருக்கிறது, ஆனால் வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம், எழுத்தில் போட அலுவலர் உதவவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. “எதுக்கு உங்களுக்கு?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே நில்லுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பிரதிகளில் முதல் நான்கு ஏ4 பக்கம் இலவசம், அதற்குமேல் சிறுதொகை. பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டு வாங்குங்கள்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “எனக்கு ஏன் இந்த அநியாயம்?” என்று எழுதினால் அது மனு. அதற்குத் தகவல் இல்லை என்று பதில் வரும். இருக்கும் கடதாசியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தங்கச்சிக்கு நான் எழுதிக்கொடுத்தது ஏறத்தாழ இப்படி:

“மேற்படி இலக்க, திகதிய அறிவித்தல் தொடர்பாக: அந்த முடிவு எடுக்கப்பட்ட கோப்பின் குறிப்புத் தாள்கள் அனைத்தும், அந்த முடிவுக்கு முன் இக்காணி பற்றி உங்கள் கந்தோருக்கு வந்த, அங்கிருந்து சென்ற கடிதங்கள், களப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அது, முடிவுக்கு அடிப்படையான சுற்றறிக்கையின் இலக்கமும் பிரதியும், முடிவெடுத்த அலுவலரின் பதவியும் அவருக்கு அதிகாரம் தரும் சட்டப் பிரிவும். இவற்றின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைத் தருக.”

குறிப்புத் தாள்களை முதலில் போட்டது பழைய லிகிதனின் புத்தி. கடிதம் வெளியே போகும் முகம். குறிப்புத் தாளில்தான் யார் யாரிடம் என்ன சொன்னார், யார் தயங்கினார், யார் ‘அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதினார் என்பதெல்லாம் இருக்கும். அத்தாட்சிப்படுத்திய பிரதி என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. பின்னால் மேன்முறையீட்டு நீதிமன்றம் போகவேண்டி வந்தால் அதன் விதிகள் மூலப் பத்திரத்தையோ அத்தாட்சிப்படுத்திய பிரதியையோதான் கேட்கும். வெறும் போட்டோ கொப்பியோடு போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

காலக்கணக்கு இது. தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் சொல்லவேண்டும். தருவதென்றால் அந்த முடிவிலிருந்து 14 நாட்களுக்குள் தரவேண்டும். பெரிய கோப்பென்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். ஓர் ஆளின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டால் 48 மணித்தியாலம். மறுத்தால், அல்லது பேசாமல் இருந்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஆட்களின் அந்தரங்கம், தேசிய பாதுகாப்பு போன்ற மறுப்புக் காரணங்கள் 5ஆம் பிரிவில் இருக்கின்றன. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் காணி பற்றிய உங்கள் கோப்புக்கு அந்தரங்கம் என்று சாட்டு வந்தால், யாருடைய அந்தரங்கம் என்று மேன்முறையீட்டில் கேளுங்கள்.

அதே சட்டத்தின் 35ஆம் பிரிவை யாரும் கவனிப்பதில்லை. முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணத்தை அலுவலர் கொடுக்கவேண்டும் என்று அது சொல்கிறது. இதைத் தனிக் கடிதமாக, முடிவெடுத்தவருக்கே எழுதுங்கள். பதில் வந்தால் அதைப் பிடித்துப் பேசலாம். வராவிட்டாலும் இழப்பில்லை. கருணாதாச எதிர் யுனிக் ஜெம் ஸ்டோன்ஸ் என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதன் சாரம்: நீதிமன்றத்துக்கு வந்த பிறகும் காரணத்தை மறைத்தால், அந்த முடிவைத் தான்தோன்றித்தனமானது என்று தள்ளிவிடலாம்.

படி 3: முடிவுக்கு முன்பே குரல் கொடுத்தல்

முடிவு வந்தபிறகு ஓடுவதைவிட, வரும்முன் எதிர்ப்பைப் பதிவது சுகம். சில சட்டங்கள் இதற்கென்றே நாட்கணக்கு வைத்திருக்கின்றன.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில் தனியார் காணியை அரசு எடுக்கும்போது, 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்ததும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். 14 நாட்களுக்குக் குறையாத அவகாசம் இருக்கும். எந்தப் பொதுத்தேவைக்கு என்று 2ஆம் பிரிவு அறிவித்தலிலேயே சொல்லவேண்டும் என்று மானெல் பெர்னாண்டோ வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ‘பொதுத்தேவைக்கு’ என்று மொட்டையாக எழுதிய அறிவித்தலைக் கண்டால் அந்த வழக்கை நினைவில் வையுங்கள். அவசரம் என்று 38ஆம் பிரிவைத் தூக்கினால் ஆட்சேபிக்கும் சந்தர்ப்பம் சுருங்கிவிடும். அங்கே கேட்கவேண்டியது, அப்படி என்ன அவசரம் என்பது. எடுத்த காணியைச் சொன்ன தேவைக்குப் பாவிக்காமல் போட்டு வைத்திருந்தால், 39அ பிரிவின் கீழ் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது.

பெரிய திட்டங்களுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள் வைக்கப்படும், யாரும் கருத்து எழுதலாம். சம்பூரில் 500 மெகாவாட் அனல் மின்நிலையம் வரவிருந்தபோது அறிக்கை, கருத்து, பிறகு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு என்று விஷயம் வளர்ந்தது. 2016 செப்டெம்பரில், திட்டம் நடக்காது என்று அரச தரப்பே நீதிமன்றத்துக்குச் சொன்னது. மின்நிலையம் நின்றதற்கு அரசியலும் காரணம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த 30 நாளில் எழுதப்பட்ட கடதாசிகள் இல்லாமல் வழக்கு நின்றிருக்காது என்பது என் எண்ணம்.

சட்டத்தில் விசாரணை பற்றி ஒரு சொல்லும் இல்லாத இடங்களில்கூட, உங்கள் உரிமையைப் பாதிக்கும் முடிவுக்கு முன் உங்களைக் கேட்கவேண்டும் என்பது இயற்கை நீதி. தெற்கு அதிவேகப் பாதையின் தடம் மாறியபோது காணி போனவர்களின் மண்டி வழக்கில் 2004இல் உயர் நீதிமன்றம், அவர்களைக் கேட்காமல் விட்டது பிழை என்று சொல்லி நட்டஈடும் கொடுத்தது. ஆகவே விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள், எழுத்தில் ஒரு கூற்றைக் கையளியுங்கள், யார் யார் இருந்தார்கள் என்று வீட்டுக்கு வந்து எழுதிவையுங்கள். கூப்பிடாவிட்டால் “என்னைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்” என்று நீங்களே எழுதுங்கள்.

படி 4: அரச காணி என்றால் தனிக்கணக்கு

திருகோணமலையில் என்னிடம் வரும் பத்துப் பிரச்சினையில் ஏழு காணி. அதனால் இதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன இயற்கை நீதி இங்கே பாதிவழியில் நின்றுவிடும்.

1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீட்புச் சட்டத்தின்கீழ், தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் நீங்கள் அனுமதியில்லாமல் அரச காணியில் இருக்கிறீர்கள் என்று கருதினால், வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கலாம். சனம் ‘குவிட் நோட்டிஸ்’ என்பது இதைத்தான். 30 நாளுக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும். அந்த அறிவித்தலுக்கு எதிராக விசாரணை கேட்கும் உரிமை இல்லை என்று 1981இல் செய்த திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. அவகாசம் முடிந்தும் நீங்கள் போகாவிட்டால் அவர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே நீங்கள் காட்டக்கூடிய ஒரே எதிர்வாதம், செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது சட்டப்படி கொடுத்த வேறு எழுத்து அதிகாரம். நாற்பது வருடம் இருந்தேன், தென்னை நட்டேன், கரண்ட் பில் கட்டினேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. வெளியேற்றக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடும் இல்லை.

ஆகவே பெட்டியின் அடியில் கிடக்கும் பெர்மிட்டைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் காணிப் பேரேடு இருக்கும், தகவல் சட்டத்தில் பிரதி கேளுங்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்த பெர்மிட்டை நினைத்த மாத்திரத்தில் இரத்துச் செய்ய முடியாது. நிபந்தனை மீறியதாக அறிவித்தல், விளக்கம் சொல்லச் சந்தர்ப்பம், விசாரணை என்று ஒழுங்கு இருக்கிறது. பெர்மிட்காரர் இறந்தால் வாழ்க்கைத்துணை அந்தக் காணியில் தொடரலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் உரித்தைக் காட்டிக் காணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்பதால் மரணச் சான்றிதழோடு உடனே போங்கள். பிள்ளைகளின் உரித்தில் மகன்மாருக்கு முதலிடம் கொடுத்த பழைய அட்டவணையை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மாற்றிவிட்டது. இதைத் தெரியாத லிகிதர்களும் இருக்கலாம். சட்ட இலக்கத்தைச் சொல்லுங்கள்.

படி 5: நீதிமன்றத்துக்கு முன் இருக்கும் கதவுகள்

திணைக்களத்துக்குள்ளேயே மேன்முறையீடு இருந்தால் முதலில் அது. அதைச் செய்யாமல் நேரே போனால் நீதிமன்றம் ஏன் என்று கேட்கும். நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அதாவது ஒம்புட்ஸ்மன், நேரடி முறைப்பாடு எடுப்பார். பரிந்துரைதான் செய்வார், கட்டளை போடமாட்டார். ஓய்வூதியம், சம்பளம், இடமாற்றம் போன்ற இழுபறிகளுக்கு அவர் பரவாயில்லை. காணிக்கு அவரை நம்பி நாளைக் கடத்தவேண்டாம்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. அங்கே போவதில் இரட்டை நன்மை. ஒன்று, அவர்கள் அதிகாரியை அழைத்து விசாரிப்பார்கள். மற்றது காலம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரே ஒரு மாதம்தான் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஒரு எச்சரிக்கை: முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்டவேண்டும் என்று நீதிமன்றம் இப்போது இறுக்கமாகக் கேட்கிறது. அழைப்புக் கடிதங்களைச் சேர்த்து வையுங்கள். தகவல் சட்ட விண்ணப்பம் அந்த ஒரு மாதத்தை நிறுத்தாது. கோப்பு வரட்டும் என்று காத்திருந்து மாதத்தைத் தவறவிட்டவர்களுக்காக நான் உண்மையிலேயே வருந்தியிருக்கிறேன். இரண்டையும் ஒரே கிழமையில் தொடங்குங்கள்.

படி 6: எந்த நீதிமன்றம்

முதலில் பெயர்க்குழப்பம். இந்தியத் தொலைக்காட்சி பார்த்துப் பார்த்து நமக்கு இது பின்னிவிட்டது. அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தில் இருப்பது. இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் கொழும்பில் இருக்கும் உச்சி. திருகோணமலையில் இருப்பது மேல் நீதிமன்றம். நடுவில் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

எழுத்தாணை வழங்கும் அதிகாரம் 140 ஆம் உறுப்புரையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருக்கிறது. பிழையான முடிவை இரத்தாக்குவது, செய்யவேண்டியதைச் செய்யும்படி பணிப்பது, செய்யவிருப்பதைத் தடுப்பது ஆகியவை முக்கியமானவை. மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயமென்றால் 154பீ(4) ஆம் உறுப்புரைப்படி திருகோணமலையிலேயே மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம். பிரதேச சபை கட்டட அனுமதி, மாகாணப் பாடசாலை நிருவாகம் போன்றவை பெரும்பாலும் இந்தப் பக்கம். பஸ் செலவு மிச்சம்.

காணி பற்றி 2013இல் ஒரு பெரிய தீர்ப்பு வந்தது. சோலைமுத்து ராசு வழக்கில், அரச காணியை மீட்கும் அறிவித்தலுக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை கொடுக்க முடியாது, அரச காணி மத்திய அரசிடமே இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. மலையகத் தோட்டம் ஒன்றில் தொடங்கிய வழக்கு, குச்சவெளி விவசாயியையும் கொழும்புக்கு அனுப்பிவிட்டது. அதிகாரப் பகிர்வு பற்றி மேடைகளில் பேசுபவர்கள் இந்த ஒரு தீர்ப்பை விளக்கினால் சனத்துக்குக் கூடுதலாக விளங்கும். எது எப்படியோ, குவிட் நோட்டிஸ் என்றால் திருகோணமலையில் நீதவான் முன் பெர்மிட்டைக் காட்டுவது ஒரு வேலை, கொழும்பில் எழுத்தாணை கேட்பது இன்னொரு வேலை. இரண்டும் ஒரேநேரத்தில் ஓடலாம்.

எழுத்தாணைக்கு நாட்கணக்கு எழுதப்படவில்லை. ஆனால் சும்மா இருந்து தாமதித்தவரை நீதிமன்றம் திருப்பி அனுப்பும். ஒரு கடமையைச் செய்யவைக்கும் ஆணை கேட்பதானால், முதலில் அதிகாரியிடம் எழுத்தில் கோரி, அவர் மறுத்ததைக் காட்டவேண்டும். இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள். நீதிமன்றம் அதிகாரியின் கதிரையில் உட்கார்ந்து உங்களுக்குக் காணியைத் தராது. முடிவு எடுத்த விதத்தைப் பார்க்கும். அதிகாரம் இருந்ததா, கேட்டாரா, பக்கம் சாய்ந்தாரா, புத்தியுள்ள ஓர் ஆள் எடுக்கக்கூடிய முடிவா என்று பார்க்கும். பிழையென்றால் கவிழ்க்கும். பிறகு சரியான முறையில் மறுபடி முடிவெடுக்கலாம், அது உங்களுக்குப் பாதகமாகவும் வரலாம்.

வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். சட்டத்தரணியிடம் போகும்போது கதையை அல்ல, திகதி வரிசையில் அடுக்கிய கடதாசிக் கட்டைக் கொண்டுபோங்கள். மேலே ஒரு தாளில் திகதி, கடிதம், யாரிடமிருந்து என்று மூன்று நிரல். அரைமணி நேரக் கதை ஐந்து நிமிடத்தில் முடியும்.

நிலாவெளித் தங்கச்சிக்கு ஐந்து கிழமையில் குறிப்புத் தாளின் பிரதி வந்தது. களப் பரிசோதனை இல்லை, பெர்மிட்டை இரத்துச் செய்த கட்டளை இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: “தொலைபேசியில் பணித்தபடி அறிவித்தல் அனுப்புக.” பணித்தவரின் பெயரும் இல்லை. சட்டத்தரணி அந்த ஒரு வரியை மேற்கோள் காட்டி, இன்ன திகதிக்குள் அறிவித்தலை மீளப்பெறாவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று கோரிக்கைக் கடிதம் அனுப்பினார். கடைசி நாளுக்கு முதல்நாள் இரண்டு வரியில் பதில் வந்தது, அறிவித்தல் மீளப்பெறப்பட்டது என்று. காரணம் எழுதவில்லை.

“35ஆம் பிரிவில் காரணம் கேட்டு எழுதுவமா?” என்றேன்.

“விடுங்கோ அண்ணை, பாவம், அவருக்கும் மேலிடத்து உத்தரவாக்கும்” என்றாள்.